மீட்டரில் 26.6 வோல்ட், ஆனால் எஞ்சின் சுழலவில்லை: தேயிலை பெக்டரி ஜெனரேட்டர் ஒன்றின் ஸ்டார்ட் பெட்டரி பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டம், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், கொழுந்தை ரோலரில் உருட்டித் தேயிலை செய்யும் ஓர் ஓதோடொக்ஸ் பெக்டரி. ஜனவரி மாதம், அதிகாலை 4.40. வெளியே 6 பாகை செல்சியஸ். இரவெல்லாம் வாட்டிய கொழுந்து ரோலருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு டூல் (ரோலரில் உருட்டிச் சலித்த கொழுந்து) நொதிப்புத் தரையில் பரப்பியாகிவிட்டது, ட்ரையர் அடுப்பு சூடேறி நிற்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனது.

200 கேவிஏ ஜெனரேட்டர், ஆறு சிலிண்டர், 24 வோல்ட் ஸ்டார்ட்டர். கொன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்தது: 10 வினாடி சுழற்றல், 10 வினாடி ஓய்வு, மூன்று தடவை. முதல் தடவை எஞ்சின் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றியது. அடுத்த இரண்டிலும் ஸ்டார்ட்டர் சொலனொய்ட் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) டக்டக்கென்று அடித்ததோடு சரி. திரையில் 'ஃபெயில் டு ஸ்டார்ட்' விழுந்தது. ஒபரேட்டர் ரீசெட் செய்து மேலும் நான்கு சுற்று முயன்றதில் மிச்சமிருந்த சார்ஜும் தீர்ந்தது. 24 வோல்ட் லொறி ஒன்றைக் கொண்டுவந்து கேபிள் போட்டு எஞ்சினை எழுப்பியபோது 50 நிமிடம் கடந்திருந்தது. நொதிப்பில் இருந்த டூல் நேரம் கடந்துவிட்டது. ட்ரையர் தட்டுகளில் நின்றுபோன தேயிலை, காற்று ஓடாத சூட்டில் கருகியது.

முதல் நாள் மாலை லொக் புத்தகத்தில் எழுதியிருந்தது: "பெட்டரி வோல்ட் 26.6. சரி."

அந்த 26.6 எங்கிருந்து வந்தது?

பெட்டரியோடு சார்ஜர் இணைந்திருக்கும்போது மீட்டர் காட்டுவது சார்ஜரின் வோல்டேஜ். பெட்டரி செத்துக்கிடந்தாலும் சார்ஜர் 26.6 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 24 வோல்ட் என்பதே இரண்டு 12 வோல்ட் பெட்டரிகளைத் தொடராகப் போட்டுப் பெறுவது. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன், மல்டிமீட்டரை ஒவ்வொரு பெட்டரியின் இரு முனையிலும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே அப்படிப் பார்த்ததும் பாதி விஷயம் வெளியே வந்தது. நெகட்டிவ் பக்கத்துப் பெட்டரியைக் 'கீழ்', பொசிட்டிவ் பக்கத்ததை 'மேல்' என்று வைத்துக்கொள்வோம். மேல் 14.4 வோல்ட், கீழ் 12.2 வோல்ட். கூட்டினால் 26.6.

சார்ஜரை அணைத்து 12 மணிநேரம் விட்டுப் பார்த்தபோது மேல் 12.8, கீழ் 11.95. நல்ல 12 வோல்ட் ஈய அமிலப் பெட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ். 12.0 என்றால் ஏறத்தாழக் கால் பங்கு.

அசிட்டின் அடர்த்தியை வைத்துச் சார்ஜைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னது. கீழ்ப் பெட்டரியின் ஆறு செல்லிலும் 1.175க்கும் 1.180க்கும் இடையில். மலையில் இந்தக் கருவியைப் பிடிக்கும்போது ஒரு திருத்தம் அவசியம். கருவியின் அளவு 25 பாகைக்கு உரியது. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் 0.0007 கழிக்க வேண்டும். அசிட் 10 பாகையில் இருந்தால் 0.010 குறையும், ஆகவே உண்மையான அளவு 1.170 ஒட்டியது. இந்தக் கழித்தலை விட்டால் குளிர்காலத்தில் எல்லாப் பெட்டரியும் கொஞ்சம் நல்லதாகவே தெரியும். மேல் பெட்டரியில் நிலைமை வேறு: நான்கு செல்லில் 1.290, மற்ற இரண்டில் தண்ணீர் மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஒன்று பட்டினி கிடக்க, மற்றது அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது. ஒரே சார்ஜர், ஒரே கம்பி, ஒரே மின்னோட்டம். எப்படி?

சிவப்பு வயர் ஒன்று

இரண்டு பெட்டரியையும் இணைக்கும் நடுக் கம்பியிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று சுவரேறிப் போனது. அதன் மறுமுனையில் ஜெனரேட்டர் அறைக் கேமராவும் சிறிய எல்.ஈ.டி விளக்கும். இரண்டும் 12 வோல்ட் சாமான்கள், அறையில் இருப்பதோ 24 வோல்ட். ஆகவே நடுவிலிருந்து 12 எடுத்தார்கள். தோட்டத்திலும் லொறியிலும் ட்ரக்டரிலும் பலர் கூசாமல் செய்கிற காரியம் இது. இந்த ஆய்வில் ஒரே ஒரு மூலகாரணத்தைச் சொல் என்றால் அந்த வயரைத்தான் காட்ட வேண்டும்.

கணக்கு எளிது. கேமராவும் விளக்கும் சராசரியாக 0.6 ஆம்பியர் இழுத்தன. அது முழுக்கக் கீழ்ப் பெட்டரியிலிருந்தே போகிறது. அதை ஈடுசெய்ய சார்ஜர் 0.6 ஆம்பியர் அனுப்பினால், அந்த மின்னோட்டம் மேல் பெட்டரி வழியாகத்தான் கீழே வர வேண்டும். மேல் பெட்டரியோ ஏற்கெனவே நிறைந்தது. நிறைந்த பெட்டரிக்குள் போகிற மின்னோட்டம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும். ஓர் ஆம்பியர்-மணிக்கு ஒரு செல் இழக்கும் தண்ணீர் 0.336 கிராம். நாளுக்கு 14.4 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 432. அப்படியானால் ஒரு செல்லுக்கு 145 மில்லிலீட்டர், ஆறு செல்லுக்கு ஏறத்தாழ 870 மில்லிலீட்டர்.

லொக் புத்தகத்தின் முந்தைய பக்கங்களைப் புரட்டினால், மாதா மாதம் ஒரு போத்தல் டிஸ்டில்ட் வோட்டர் மேல் பெட்டரிக்கு ஊற்றியதாக ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி இரண்டு மாதம் எழுதப்படவில்லை. கீழ்ப் பெட்டரிக்கு ஒரு சொட்டும் தேவைப்படவில்லை. 'அது நல்ல பெட்டரி, தண்ணீரே குடிக்காது' என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காததற்குக் காரணம், அது ஒருபோதும் முழுச் சார்ஜைக் காணவில்லை என்பதே. ஒரே வயதுள்ள, தொடரில் உள்ள இரண்டு பெட்டரியில் ஒன்று மட்டும் தண்ணீர் குடித்தால் மீட்டரைத் தேடுவதற்கு முன் நடுக் கம்பியைத் தேடுங்கள்.

இன்னொரு குறிப்பும் புத்தகத்தில் இருந்தது. 14 மாதத்துக்கு முன் இதே கீழ்ப் பெட்டரி செத்து, அது மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. பழி பெட்டரி மேல் விழுந்தது, வயர் அப்படியே இருந்தது. புதியதும் பழையதும் தொடரில் ஓடுவதே தவறு. இங்கே அந்தத் தவறின் மேல் அதே பழைய நோயும் தொடர்ந்தது. அரைகுறைச் சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்த தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் முழுத் திறன் திரும்பாது.

மற்ற மூன்று குறைகள்

வயர் மட்டும் இருந்திருந்தால் எஞ்சின் அன்றும் ஒருவேளை எழுந்திருக்கும். கேபிளைப் பார்ப்போம். அதிர்வு படாமல் இருக்கட்டும் என்று பெட்டரிகளைச் சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போகவர 7 மீட்டர் ஆயிற்று. அந்தத் தடிப்பில் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.55 மில்லிஓம், மொத்தம் 3.9 மில்லிஓம். நெகட்டிவ் கேபிள் எஞ்சினுக்கு நேரே போகாமல் பெயின்ட் பூசிய அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது, அங்கே இன்னும் 1 மில்லிஓம். 24 வோல்ட் ஸ்டார்ட் சுற்றுக்கு எஞ்சின் தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான உச்சவரம்பு மொத்தமே 2 மில்லிஓம். சுழலும்போது கிளாம்ப் மீட்டர் 320 ஆம்பியர் காட்டியது. 320 ஆம்பியரை 4.9 மில்லிஓம்மால் பெருக்கினால் ஏறத்தாழ 1.6 வோல்ட் வழியிலேயே சூடாகப் போகிறது. பெட்டரி முனையில் 17.1, ஸ்டார்ட்டர் முனையில் 15.5. அதற்குமேல் இறங்கியபோது சொலனொய்ட் பிடி விட்டது, விட்டதும் வோல்டேஜ் ஏறியது, ஏறியதும் மறுபடி பிடித்தது. 'டக்டக்' சத்தம் அதுதான்.

சார்ஜர் அமைப்பும் மலைக்கு உரியதல்ல. 25 பாகையில் 26.4 முதல் 27.0 வோல்ட் வரையான மிதவைச் சார்ஜ் (நிறைந்த பெட்டரியை நிறைவாகவே வைத்திருக்கத் தொடர்ந்து தருவது) தண்ணீர் ஊற்றும் பெட்டரிக்குப் பொருந்தும். குளிர் கூடக்கூட ஒரு செல்லுக்கு, பாகைக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் கூட்டித்தர வேண்டும். 12 செல்லுக்கு அது பாகைக்கு 48 மில்லிவோல்ட். இந்த அறையின் சராசரி 12 பாகை, 25க்கு 13 பாகை குறைவு. 26.6 என்பது இங்கே 27.2 ஆக இருந்திருக்க வேண்டும். கொழும்பு வெயிலுக்குச் சரியான சார்ஜர் மேலே கொண்டுவந்து மாட்டினால் பெட்டரியை என்றைக்கும் அரைவயிறாகவே வைத்திருக்கும்.

மூன்றாவது, எஞ்சின் தண்ணீரைச் சூடாக வைக்கும் ஜாக்கெட் ஹீட்டரின் எலிமென்ட் எரிந்துபோயிருந்தது. 38 முதல் 40 பாகை வரை இருக்க வேண்டிய எஞ்சின் அறைக் குளிரிலேயே கிடந்தது. ஒயில் தடித்திருந்தது. 1,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அமுக்கிச் சூடாக்க உள்ளே வரும் காற்றே குறைவு என்பதால் டீசல் பற்றிக்கொள்ள எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பெட்டரியோ அந்தக் குளிரில் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்திருக்கும். எல்லாம் ஒரே மணிக்குத்தான் கூடிவரும்: அதிகாலை.

வாராந்தச் சோதனை நடந்ததோ திங்கட்கிழமை காலை 10 மணிக்கு. சார்ஜர் ஓடிக்கொண்டிருக்க, அறை 18 பாகையில் இருக்க. அதில் தேறாத பெட்டரி இருக்காது.

புதிய அமைப்பு

கடலில் நாட்கணக்காகப் பயணம் போகும் படகுக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு, பம்ப், வானொலி எல்லாம் ஒரு பெட்டரித் தொகுதியில், எஞ்சினை எழுப்பும் பெட்டரி தனியே. அதில் வேறெதுவும் தொங்காது. பெக்டரிக்கும் அதே விதிதான். கேமராவுக்கும் விளக்குக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணிச் சிறு பெட்டரியும் அதற்கென ஒரு சார்ஜரும் தனியாகப் போடப்பட்டன. 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைத்தாலும் இரண்டு பெட்டரியும் சமமாகவே இறங்கும், ஆனால் இறங்குவது இறங்குவதுதான்.

ஸ்டார்ட்டுக்கு நான்கு பெட்டரிகள், இரண்டு தொகுதி. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, 800 சீ.சீ.ஏ. ஒரே தொகுதிக்குள் இருக்கும் இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே மாதத்தது. ஆம்பியர்-மணியை மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. சீ.சீ.ஏ. என்பது மைனஸ் 18 பாகையில் 30 வினாடிக்கு, வோல்டேஜ் 7.2க்குக் கீழே போகாமல் தரக்கூடிய ஆம்பியர். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது அந்த எண். சோலருக்கு விற்கும் ஆழ இறக்கப் பெட்டரி 150 ஆம்பியர்-மணி என்றாலும் அதன் தகடு தடித்தது, ஸ்டார்ட்டர் கேட்கும் வேகத்தில் தராது.

பெட்டரித் தட்டு எஞ்சினுக்கு அருகே, ஆனால் அடிச்சட்டத்தில் ஒட்டாமல், தனிக் காலில் வந்தது. சிமெந்துத் தரையில் வைத்தால் பெட்டரி இறங்கும் என்ற பழைய நம்பிக்கைக்காக அல்ல. பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. கேபிள் குறுகவும், வாயு வெளியேறவும், செல் மூடியைக் குனியாமல் திறக்கவும்தான். கேபிள் 95 சதுர மில்லிமீட்டர், போகவர 3.2 மீட்டர், மீட்டருக்கு 0.21 மில்லிஓம். இணைப்புகளையும் சேர்த்து 1 மில்லிஓம்முக்குள் முடிந்தது. கேபிள் முனைகளில் போடும் லக்குகள் ஹைட்ராலிக் அமுக்கியால் பிடிக்கப்பட்டன. சுத்தியலால் அடித்த லக் ஒரு வருடத்தில் பச்சை பூக்கும். நெகட்டிவ் கேபிள் நேரே ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் போனது, அதன் அடியில் பெயின்ட் சுரண்டப்பட்டது. கிரீஸ் பூசுவது இறுக்கிய பிறகு, மேலேதான்.

இரண்டு தொகுதிக்கும் நடுவே '1 - இரண்டும் - 2 - ஓஃப்' சுழல் சுவிட்ச். தொடர்ந்து 300 ஆம்பியர், ஸ்டார்ட் நேரத்துக்கு 900 ஆம்பியர் தாங்கக்கூடியது. இதில் இரண்டு விஷயம் ஒபரேட்டர் கையில் படிந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுவிட்சை ஓஃப் நிலைக்குக் கொண்டுபோகக்கூடாது. பெட்டரி இல்லாமல் ஆகும் கணத்தில், எஞ்சினோடு சுழன்று பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரின் டயோடுகள் எரியக்கூடும். அடுத்தது, 1 தோற்றால் நேரே 2க்குப் போக வேண்டும், 'இரண்டும்' நிலையில் நிறுத்தக்கூடாது. தோற்ற தொகுதியில் ஒரு செல் ஷோர்ட் ஆகியிருந்தால் நல்ல தொகுதியையும் அது கீழே இழுத்துவிடும். உண்மையில் 'இரண்டும்' என்ற நிலையே இல்லாத சுவிட்ச்தான் இங்கே நல்லது. ஆனால் இந்த ஆம்பியரில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அந்த எழுத்தின் மேல் சிவப்பு டேப் ஒட்டப்பட்டது.

இரண்டு தொகுதியையும் தானாக மாற்றும் கொன்டாக்டர் (பெரிய மின்காந்தச் சுவிட்ச்) அமைப்பு வேண்டுமா என்ற கேள்வி வந்தது. இரவில் ஆள் இருக்கும் பெக்டரிக்கு அது தேவையில்லை என்பதே இந்த ஆய்வின் முடிவு. காயல் எரிவது, தொடுமுனை ஒட்டிக்கொள்வது என்று புதிய பழுதுகளை அது கூடவே கொண்டுவரும்.

சார்ஜர்கள் இரண்டு, 24 வோல்ட் 10 ஆம்பியர், வெப்ப உணரி உள்ளவை. உணரி பெட்டரியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டது, சார்ஜர் பெட்டிக்குள் விடப்படவில்லை. ஒன்றுக்கு மின்சாரம் ஜெனரேட்டரும் ஊட்டும் பலகையிலிருந்து, மற்றதற்கு, பிரதான மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் மாற்றும் சுவிட்சுக்கு முன்னாலுள்ள பிரதான பக்கத்திலிருந்து. ஒரு பிரேக்கர் விழுந்தால் ஒரு தொகுதிதான் பட்டினி கிடக்கும்.

கொன்ட்ரோலருக்கான சப்ளை, தொகுதிக்கு ஒன்றாக 10 ஆம்பியர் பியூஸ் வழியாகவும் டயோடு வழியாகவும் வந்து ஒன்று சேர்கிறது. ஓடும் தொகுதி சரிந்தாலும் மற்றதிலிருந்து கொன்ட்ரோலர் உயிரோடு இருக்கும். பியூஸ் பெட்டரி முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் பியூசுக்கு முந்தைய வயருக்குக் காவலே இல்லை. ஒவ்வொரு தொகுதியின் நடுமுனையிலும் அளவெடுக்க மட்டும் ஒரு சிறு முனை விடப்பட்டது. மேலுக்கும் கீழுக்கும் 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கண்டால் காரணம் தேட வேண்டும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனரின் கைப்பிடி டேப் சுற்றியது. மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி வைக்கப்பட வேண்டும். சார்ஜ் நடந்த பெட்டரியின் மேல் ஹைட்ரஜன் நிற்கும், தீப்பொறி படக்கூடாது.

சோதனை

சோதனை நேரம் மாற்றப்பட்டது. மாதத்தில் ஒரு நாள், முந்தின மாலை 5.30க்கு இரண்டு சார்ஜரும் அணைக்கப்படும். மறுநாள் காலை 5.30க்கு நான்கு பெட்டரியும் தனித்தனியே அளக்கப்படும். பிறகு எஞ்சினின் டீசல் நிறுத்தியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பற்றாமல் 10 வினாடி சுழற்றி, பெட்டரி முனையிலும் ஸ்டார்ட்டர் முனையிலும் வோல்ட் எழுதப்படும். முதல் சோதனையில் ஓய்வில் 25.5, சுழலும்போது பெட்டரியில் 20.6, ஸ்டார்ட்டரில் 20.2. டீசல் விட்டதும் எஞ்சின் இரண்டு வினாடிக்குள் எழுந்தது. அடுத்து தொகுதி 2இல் அதே வேலை. பிறகு ஏதாவது உண்மையான சுமையோடு, குறைந்தது 30 சதவீதத்தில், அரை மணி ஓட வேண்டும். வெறுமையில் ஓட்டி அணைப்பது புகைக்குழாயில் கரியையும் எரியாத டீசலையும் சேர்க்கும்.

தனிப் பெட்டரியில் சந்தேகம் என்றால் லோட் டெஸ்டர்: சீ.சீ.ஏ.யில் பாதி, 800க்கு 400 ஆம்பியர், 15 வினாடி. 21 பாகையில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 10 பாகையில் 9.4 போதும். சோதனைக்கு முன் பெட்டரி முழுச் சார்ஜில் இல்லாவிட்டால் தோல்விக்கு அர்த்தமில்லை.

ஒபரேட்டர்கள் நால்வரும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் 1இலிருந்து 2க்கு மாற்றி ரீசெட் செய்து எழுப்பும் பயிற்சியைச் செய்தார்கள். முதல் தடவை 3 நிமிடத்துக்கு மேல் ஆனது. பெரும்பகுதி நேரம் டோர்ச்சைத் தேடுவதில் போனது. டோர்ச் இப்போது சுவிட்சுக்கு அருகே ஆணியில் தொங்குகிறது.

மூன்றாம் மாதச் சோதனையில் தொகுதி 2 ஓய்வில் 24.3 மட்டும் காட்டியது. சார்ஜரின் பிளக் சொக்கெட்டிலிருந்து கழன்று கிடந்தது. யாரோ கிரைண்டர் போட்டுவிட்டு மறுபடி செருகவில்லை. அதன் பிறகு இரண்டு சார்ஜரும் பிளக் இல்லாமல் நேரடி இணைப்புக்கு மாற்றப்பட்டன, பிரேக்கருக்குப் பூட்டு மூடி போடப்பட்டது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. நான்கு பெட்டரியும் ஒரே நாளில் வாங்கியவை. அப்படியே விட்டால் ஒரே குளிர்காலத்தில் நான்கும் முதுமையடையும், மாற்றுத் தொகுதி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே 18ஆம் மாதத்தில் தொகுதி 2இன் இரண்டு பெட்டரியையும், நல்ல நிலையில் இருக்கும்போதே, கழற்றித் தோட்டத்து லொறிக்குக் கொடுத்துவிட்டுப் புதியன போட வேண்டும் என்று எழுதப்பட்டது. தொகுதி 1க்கு 36ஆம் மாதம். அதன் பிறகு ஒவ்வொரு 18 மாதத்துக்கும் ஒரு தொகுதி, மாறி மாறி. போட்ட மாதமும் வருடமும் பெட்டரி மூடியில் எண் குத்தியால் பதிக்கப்பட்டன, ஏனென்றால் பேனாவால் எழுதியது அசிட் ஆவியில் ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.